போத்தல் நிற்கும்வரை

கோயில் திருநாள் அன்று மண்டபத்தில் மேடையைச் சுற்றி இருந்தவர்கள்: மேர்வின், ஒக்லாந்து ஒனிஹங்காக் கத்தோலிக்கத் தமிழ்ப் பூசைக் குழுவின் கலைப் பொறுப்பாளர், முகத்திலும் முழங்கைவரையும் கறுப்புப் பூச்சு. அவர் மகள் லோஜனா, நியூ லின்னில் பரதம் சொல்லிக்கொடுப்பவள். அவளிடம் படிக்கும் ஆறு பெண்பிள்ளைகள், அதே பூச்சுடன். திரையோரம், மடியில் பறையை வைத்திருந்த பிரேசில்காரி ஜுஸாரா. வாசலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நோபேட், பஸ் ஓட்டுபவன். அவனுக்கு அருகே தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டபடி மகள் ஜனுஷா. திரைக்குப் பின்னால், சபையின் கண்ணில் படாத இடத்தில், ஒரு வெறும் போத்தலும் கரண்டியுமாக நோபேட்டின் மனைவி ஷாமிலா. பாட்டு அவள் வீட்டுப் பாட்டு. அவளுக்கு நாற்காலி போட மறந்துவிட்டார்கள். கவிழ்த்த பால் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

ஷாமிலாவின் தகப்பன் மன்னார் ஆள். தாய் புத்தளத்துக்கு அருகே சிரம்பியடி. தாயின் முன்னோரைப் போர்த்துக்கீசர் காலத்திலிருந்தே வெள்ளைக்காரர்கள் ஆபிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள், தங்கள் சண்டைகளைப் பிடிப்பதற்கு. சண்டை முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள். கொண்டுவந்தவர்களைத் திருப்பி அனுப்பும் நினைவு ஒருவருக்கும் வரவில்லை. ஊர் அவர்களைக் காப்பிரி என்றது. வீட்டுப் பேச்சு சிங்களமாகவும் தமிழாகவும் மாறியபிறகும் பாட்டு மட்டும் பழைய போர்த்துக்கீசக் கலப்பிலேயே கிடந்தது. அந்தப் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் பெயர் மஞ்சா. மெதுவாகத் தொடங்கும். போத்தலில் கரண்டி தட்டுகிற ஆள் வேகத்தைக் கூட்டக் கூட்ட ஆடுகிறவர்களின் இடுப்பும் காலும் பின்னாலேயே ஓடும். உச்சத்தில் போத்தல் சட்டென்று நிற்கும். போத்தல்காரி நிறுத்தினால்தான் முடிவு.

ஒக்லாந்துக்குக் குடிவந்தபிறகு ஷாமிலா இதைப்பற்றி மூச்சு விட்டதில்லை. எந்த இடம் என்று கேட்டால் மன்னார் என்பாள். வாரத்துக்கு ஒருமுறை சூட்டுக்கோலால் முடியை இழுத்து நேராக்குவாள். மகள் வளர்ந்ததும் அவள் முடியையும் பிடித்து இழுத்தாள்.

அந்த ஒழுங்கைக் கெடுத்தவள் ஜுஸாரா. ஷாமிலாவுக்கு வேலை மனுரேவாவில், கீரையும் இலைகளும் கழுவி வெட்டிப் பைகளில் அடைக்கும் தொழிற்சாலையில். உள்ளே நாள் முழுக்க ஃப்ரிட்ஜுக்குள் நிற்பது போலக் குளிர். தலைக்கு வலை போடாமல் உள்ளே விடமாட்டார்கள். ஷாமிலாவின் முடிக்கு ஒரு வலை காணாது. ஒருநாள் இரண்டாவது வலையைக் கேட்டு நின்றபோது அவளுக்குப் பின்னால் நின்ற புதியவளும் இரண்டு கேட்டாள். இருவரும் ஒருவர் தலையை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஜுஸாரா பிரேசிலின் பாஹியாப் பக்கம். அவள் முன்னோரையும் அதே போர்த்துக்கீசர்தான் கொண்டுபோயிருந்தார்கள், மற்றப் பக்கத்துக் கடலால்.

ஒருநாள் பெட்டி அடுக்கும்போது ஷாமிலா தன்னை மறந்து முணுமுணுத்தாள். ஜுஸாரா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள்.

"இப்ப என்ன சொன்னாய்? கொரசாங் எண்டு சொன்னாய். நெஞ்சு. அது என்ர பாஷை."

"அது என்ர அம்மான்ர பாட்டு."

"உன்ர அம்மாவுக்கு என்ர பாஷை எப்பிடித் தெரியும்?"

இருவரும் ஆங்கிலத்தில்தான் கதைத்தார்கள். இருவருக்கும் அது இரவல் பாஷை.

ஞாயிறு பின்னேரங்களில் ஜுஸாராவும் அவள் ஊர்க்காரரும் ஒனிஹங்காக் கடலோரப் பூங்காவில் வட்டம் போடுவார்கள். கைதட்டிப் பாட, ஒருத்தி நடுவில் ஆடுவாள். ஆடி முடித்தவள் இன்னொருத்தியின் வயிற்றில் தன் வயிற்றால் இடித்து இடத்தைக் கொடுத்துவிட்டு விலகுவாள். யார் வேண்டுமானாலும் வரலாம், படம் எடுக்கலாம். ஒரே ஒரு சட்டம்: புதிதாக வருகிறவர்கள் முதலில் எல்லோருடைய சாப்பாட்டுப் பாத்திரங்களையும் கழுவவேண்டும். கமெரா கொண்டுவந்தவர்களில் பாதிப்பேர் அந்தச் சட்டத்தைக் கேட்டதும் போய்விடுவார்கள் என்று ஜுஸாரா சிரிப்பாள். ஷாமிலா பாத்திரம் கழுவினாள். பிறகு ஒரு வெறும் போத்தலை எடுத்துத் தட்டிப் பாடினாள். ஜனுஷா முதலில் காருக்குள்ளேயே இருந்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு இருந்தாள். பிறகு வந்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் முடியை ஷாமிலா இழுக்கவில்லை.

யாரோ எடுத்த படம் கையிலிருந்து கைக்குப் போய் மேர்வினிடம் சேர்ந்தது.

ஃபீஜோவாப் பழங்கள் முற்றத்தில் விழுந்து நொதித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை அவர் வீடு தேடி வந்தார். கணக்காளர், நல்ல குரல், யாரோடும் சேர்ந்து சிரிக்கத் தெரிந்த மனிதர். ஷாமிலா மீன்தலைக் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

"தங்கச்சி, இப்பிடி ஒரு பொக்கிசம் உங்களிட்ட இருக்கெண்டு ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே, அண்ணை."

"இதை அழிய விடப்படாது. நாங்கள் எடுத்து வைக்காட்டி ஒருத்தருக்கும் தெரியாமப் போயிரும்."

"எங்களுக்குத் தெரியுந்தானே."

"நீங்கள் எத்தினை பேர்?"

மேர்வின் கைபேசியை மேசையில் நிறுத்தினார். அவள் பாடினாள்.

"இதின்ர கருத்து என்ன?"

"ஒருத்தி நண்டு விக்கிறவனை ஏசிறது. காலில்லாத நண்டைத் தந்து ஏமாத்திப் போட்டானாம்."

"ஏசிறதோ?" அவர் யோசித்தார். "அப்பிடிப் போட்டால் சனம் சிரிக்கும். அடிமையளின்ர கண்ணீர் எண்டு போடுவம். மனசைத் தொடும்."

நோபேட் கோழிக்குஞ்சு போலத் தலையாட்டினான். அவனுக்கு மேர்வினைக் கண்டால் எழுந்து நிற்கிற பழக்கம்.

திருநாள் மேடைக்கு மஞ்சா பழக்கும் லோஜனாவின் வகுப்பில் ஜனுஷாவையும் சேர்க்கச் சொன்னார்கள். 'ஒரிஜினல் ஆள் ஒண்டு வேணும்' என்றார்கள். வகுப்பு நாளில் வேலை முடிந்து வந்த கையோடு ஷாமிலா அவளை மனுரேவாவிலிருந்து நியூ லின்வரைக்கும் காரில் கொண்டுபோவாள். நெடுஞ்சாலை முழுக்க மழையும் சிவப்பு விளக்குகளும். மகள் வகுப்பில் ஆட, ஷாமிலா காருக்குள் புட்டுப் பெட்டியைத் திறந்து சாப்பிடுவாள். திரும்பும் வழியில் ஜனுஷா வாய் ஓயாமல் கதைப்பாள். ஷாமிலாவுக்கு அது போதும்.

திருநாளுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது லோஜனா காருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அன்ட்டி, குறை நினைக்காதேங்கோ. நாங்கள் பிள்ளையளுக்கு மேக்கப் போட்டுப் பாத்தனாங்கள். ஆபிரிக்கன் லுக். எல்லாரும் ஒரே கலரா வந்திட்டினம். ஜனுஷாவுக்குப் பூசினால் ஒரு மாதிரி இருக்கு. பூசாட்டி மற்றவையோட மட்ச் ஆகேல்லை."

"அதுக்கு?"

"இந்த முறை அவ ஓடியன்ஸில இருக்கட்டும். அடுத்த முறை பாப்பம்."

காரின் கண்ணாடி துடைப்பான் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. ஜனுஷா பின் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"ஐ டோன்ட் கேர், மம். ட்ரைவ்."

மறுநாள் வேலை விட்டு வந்தபோது குளியலறைத் தரையில் முடி கிடந்தது. ஜனுஷா சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தாள். தலை அங்கொன்றும் இங்கொன்றுமாக மேய்ந்த புல்லைப் போல இருந்தது. ஷாமிலா விளக்குமாறு எடுத்துக் கூட்டினாள். சுருள் சுருளாக வந்தது. குப்பைத் தொட்டியின் மூடியை அமத்தி மூடியபிறகும் கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்தபடி நின்றாள்.

நோபேட் வந்து பார்த்தான். "கதைச்சுப் பாப்பமே மேர்வின் அண்ணையோட?"

"நீங்கள் கதைக்க வேண்டாம். நீங்கள் கதைச்சால் சொறி எண்டு சொல்லிப்போட்டு வருவியள்."

"அவர் வேணுமெண்டு செய்யேல்லையப்பா. ஒரு ஆர்வத்தில... அதோட பாத்தால், அவர் பூசிறதெண்டால் அவற்ற நிறத்துக்கு அரைவாசிப் பூச்சுக் காணும்."

அவன் சிரிக்க வைக்கத்தான் சொன்னான். ஷாமிலா சிரிக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு அவளுக்குள் தங்கிவிட்டது. மேர்வினின் கறுப்பு முகம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அதை என்ன செய்யலாம் என்று யோசிக்கத் தொடங்கினாள். கீரை கழுவும்போது யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து மண்டபத் தரை துடைக்கும்போதும் யோசித்தாள். அந்த மண்டபத்தைத் துப்புரவாக்கிப் பூட்டுவது அவள் பொறுப்பு. சாவி அவளிடம்தான் இருந்தது.

வழியை மேர்வினே கொண்டுவந்து தந்தார். ஒத்திகைக்குப் பதிவுசெய்த பாட்டைப் போட்டார்களாம், உயிரில்லையாம். போத்தல் தட்ட வந்த இளந்தாரிக்கு வேகம் பிடிபடவில்லையாம்.

"தங்கச்சி, நீங்கள்தான் தட்டவேணும். திரைக்குப் பின்னால இருந்து தட்டினால் காணும். ஆயரும் வாறார்."

"ஜனுஷா?"

"பிள்ளைக்கு முன் வரிசையில கதிரை போடுவிக்கிறன்."

ஷாமிலா தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கலக்கினாள். நன்றாகக் கலக்கினாள்.

"சரி அண்ணை. ஆனா எங்கட ஆக்களிட்ட ஒரு வழக்கம் இருக்கு. அதையும் செய்தால்தான் மஞ்சா நிறையும்."

மேர்வின் கைபேசியை எடுத்தார். "சொல்லுங்கோ, சொல்லுங்கோ."

"மஞ்சாவுக்கு ஆக்களைக் கூப்பிட்டவர் கடைசியில வட்டத்துக்குள்ள இறங்கி ஆடவேணும். அவரும் பூசிக்கொண்டு, எல்லாரையும் போல. போத்தல் நிக்குமட்டும் வெளிய வரப்படாது. இடையில வாறவன் பாட்டைக் களவெடுத்தவன் எண்டு கருத்து. இதைச் சபையில சொல்லிப்போட்டுத்தான் இறங்கவேணும்."

"அட! இது ஒரு இடத்திலயும் பதிவாகேல்லை!" மேர்வினின் கண் மின்னியது. "எவ்வளவு ஆழமான விசயம்!"

அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. சீனி கலக்கிய நேரத்தில் ஷாமிலா உண்டாக்கியது.

ஜுஸாராவைப் பறைக்குக் கூப்பிட்டபோது பூச்சைப்பற்றிச் சொல்லவில்லை. திருநாள் அன்று பின்பக்கத்தால் வந்தவள் வரிசையாக நின்ற ஆறு கறுத்த முகங்களையும், அவற்றின் காதுக்குப் பின்னால் தெரிந்த சொந்த நிறத்தையும் பார்த்தாள். முன் வரிசையில் தொப்பியோடு இருந்த ஜனுஷாவையும் பார்த்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கவே பிள்ளை கதிரையை விட்டெழும்பித் தகப்பனிடம் போய்விட்டது.

"இதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டியா?"

"ஓம்."

"என்ன செய்யப்போறாய்?"

"தட்டப்போறன்."

ஜுஸாரா பறையை மடியில் எடுத்து வைத்தாள்.

நாடகமும் பாட்டும் வில்லுப்பாட்டும் முடிந்து, மட்டன் ரோல்ஸ் எல்லோருடைய விரலிலும் எண்ணெயாகிவிட்ட பின்னேரத்தில் மேர்வின் ஒலிவாங்கியைப் பிடித்தார். வெள்ளைச் சட்டை, கறுப்பு முகம். முன் வரிசையில் ஆயர் கொஞ்சம் நெளிந்தார். வெள்ளைக்காரர் ஆனபடியால் அவருக்கு யாரைப் பார்ப்பதென்று தெரியவில்லை.

"அன்பானவர்களே, இது அடிமைகளின்ர கண்ணீர். அழிஞ்சுகொண்டிருக்கிற ஒரு கலை. இதை மீட்டெடுக்க நானும் மகளும் பட்டபாடு கொஞ்சநஞ்சமில்லை. இதில ஒரு அபூர்வமான வழக்கம் இருக்கு..." ஷாமிலா சொன்னதை ஒரு எழுத்துத் தவறாமல் சொன்னார். இடையில் வெளியே வருகிறவன் பாட்டைக் களவெடுத்தவன் என்று இரண்டு தரம் சொன்னார், தமிழில் ஒன்று, ஆயருக்காக ஆங்கிலத்தில் ஒன்று. சபை கைதட்டியது.

ஷாமிலா கரண்டியை எடுத்தாள்.

முதலில் மெதுவாக. பிள்ளைகள் பரதக் காலோடு வட்டமாக வந்தார்கள். அவள் பாடினாள், நண்டுக்காரனை ஏசினாள். கொஞ்சம் கூட்டினாள். பறை கூடவே ஏறியது. பிள்ளைகளின் கால் தடுமாறியது. மேர்வின் கைகளை விரித்துக்கொண்டு வட்டத்துக்குள் இறங்கினார். சபை விசிலடித்தது. நன்றாகவே ஆடினார், முதல் சுற்று. ஷாமிலா திரையின் இடுக்கால் பார்த்துக்கொண்டு இன்னும் கூட்டினாள்.

பிள்ளைகள் ஒவ்வொன்றாக ஒதுங்கிச் சுவரோரம் போய் மூச்சு வாங்கினார்கள். லோஜனா திரைக்குப் பின்னால் ஓடிவந்தாள்.

"அன்ட்டி, காணும். பினிஷ் பண்ணுங்கோ."

ஷாமிலா பாடிக்கொண்டிருந்தாள். பாட்டுக்காரியோடு கதைக்க முடியாது.

மேர்வினின் சட்டை முதுகோடு ஒட்டியது. நெற்றி வியர்வையோடு பூச்சு இறங்கிக் கழுத்துப்பட்டியில் கோடு கோடாக வழிந்தது. அவர் திரைப்பக்கம் கை காட்டினார். அதையும் ஆட்டம் என்று நினைத்துச் சபை கைதட்டியது. அவர் மேடை விளிம்பைப் பார்த்தார். இரண்டு படி. இறங்கியிருக்கலாம். ஆனால் இறங்குகிறவனுக்கு என்ன பெயர் என்று அவரே இரண்டு பாஷையில் சொல்லியிருந்தார். திரும்பவும் உள்ளே போனார்.

பிறகு சபை சிரிக்கத் தொடங்கியது. ஒரு பையன் 'என்கோர்' என்று கத்தினான். மேர்வினின் முழங்கால் மடங்கியது, எழும்பினார், மறுபடி மடங்கியது.

பறை நின்றது.

"போதும்," என்றாள் ஜுஸாரா. "வட்டத்துக்குள்ள வைச்சு ஆளை அடிக்கிறதில்லை."

"இது வட்டமில்லை," என்றாள் ஷாமிலா. "இது மேடை."

போத்தலை மட்டும் தட்டினாள். பறையில்லாமல் அது இன்னும் கூர்மையாகக் கேட்டது. மேர்வின் நாலு காலில் நின்றார். ஒரு கையைத் தூக்கித் தாளத்துக்கு அசைக்கப் பார்த்தார். பிறகு அந்தக் கையும் இறங்கியது. குப்புறக் கிடந்தார், முதுகு மட்டும் ஏறி இறங்கியது. சிரிப்பு நின்று சபை எழும்பிப் பார்த்தது. ஷாமிலா பாட்டின் கடைசி வரிவரைக்கும் பாடினாள். அதன் பிறகுதான் போத்தலை நிறுத்தினாள்.

சாகவில்லை. மூச்சிரைப்புத்தான். தண்ணீர் கொடுத்துக் கதிரையில் இருத்தினார்கள். ஆயர் அவர் தோளைத் தொட்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனார். சனம் அவர் முகத்தைப் பார்க்காமல் ரோல்ஸ் மிச்சத்தைக் கட்டிக்கொண்டு கலைந்தது. லோஜனா ஆறு பிள்ளைகளையும் கழிவறைக்குக் கூட்டிப்போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நாலு பேரைத் தாய்தகப்பனிடம் ஒப்படைத்தாள். மற்ற இரண்டு பேரையும் நியூ லின்னில் இறக்கவேண்டியிருந்தது. தகப்பனிடம் 'உங்கட கார் தெருவுக்கு அங்கால நிக்குது, அப்பா' என்று சொல்லிவிட்டுத் தன் காரில் போனாள். அவளுக்கும் அவரோடு நிற்க மனமில்லை.

ஜுஸாரா பறையைத் துணியில் சுற்றினாள். "அந்தச் சட்டம், உங்கட ஊரில உண்மையா இருக்கா?"

"இல்லை."

"அப்ப?"

"இப்ப இருக்கு. எல்லாரும் கேட்டவை."

ஜுஸாரா தலையை ஆட்டினாள். சரி என்று ஆட்டினாளா வேண்டாம் என்று ஆட்டினாளா என்று ஷாமிலாவுக்குத் தெரியவில்லை. "ஞாயிறு வா. ஆனா வந்ததும் பாத்திரம் கழுவு. திரும்ப முதலில இருந்து." போய்விட்டாள்.

நோபேட் கதிரைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தான். "இனி நாங்கள் இந்தக் கோயிலுக்கு எப்பிடி முகத்தைக் காட்டிறது?"

"என்ர முகத்துக்கு ஒண்டும் நடக்கேல்லை. உங்கட முகத்தைப் பாருங்கோ."

ஜனுஷா படியில் உட்கார்ந்திருந்தாள். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்திருந்தாள். "மம், வாட் இஃப் ஹி டைட்?"

"சாகேல்லையே."

"யூ வேர் ஸ்மைலிங்."

ஷாமிலா வாளியில் தண்ணீர் நிரப்பினாள். "அப்பாவோட காருக்குப் போ."

அவர்கள் போனார்கள். மனுக்காவ் கடலிலிருந்து வந்த காற்று வாசலால் நுழைந்து தரையில் கிடந்த காகிதத் தட்டுகளை உருட்டியது. ஐந்து மணிக்கு மண்டபம் தொங்காத் தீவு ஆட்களின் பாடற்குழுவுக்கு. அவர்கள் அதற்குள் வந்து கார் தரிப்பிடத்தில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். பெரிய உடம்புகள், இடுப்பில் உடைக்கு மேலே சுற்றிக் கட்டிய பின்னற்பாய், கையில் பாட்டுப் புத்தகங்கள், சுற்றி ஓடும் பிள்ளைகள். அவர்களிடமும் ஒரு சாவி இருந்தது, பக்கவாசலுக்கு. ஆனால் நேரத்துக்கு முன்னே திறக்கமாட்டார்கள், ஒழுங்கான சனம்.

ஷாமிலா மேடையைத் துடைத்தாள். மேர்வின் விழுந்த இடத்தில் பலகையில் கறுப்பாகக் கைத்தடம் இருந்தது. அழுத்தித் தேய்க்கப் போய்விட்டது.

மேர்வின் கதிரையை விட்டு எழும்பினார். முகத்தில் பாதி கறுப்பு, பாதி வழிந்த கோடு.

"தங்கச்சி, எல்லாரும் போயிட்டினமோ?"

"எங்கட ஆக்கள் போயிட்டினம். நான் பூட்டவேணும், அண்ணை."

"ஒரு நிமிசம். முகத்தைக் கழுவிப்போட்டு வாறன்."

"கழிவறை துடைச்சாச்சு. நிலம் ஈரம்."

அவர் அவளைப் பார்த்தார். இவ்வளவு நேரமும் அவருக்கு விளங்காமல் இருந்தது அப்போதுதான் விளங்கியது போல இருந்தது.

"வேணுமெண்டே செய்தனீங்கள்?"

"என்னத்தை?"

"நான் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தனான்? உங்கட கலையை மேடையில ஏத்தினனான். நான் இல்லாட்டி இந்த ஊரில உங்களை ஆருக்குத் தெரியும்?"

"உங்கட ஆறு பிள்ளையளும் கழுவிப்போட்டு வீட்டை போயிட்டுதுகள்," என்றாள் ஷாமிலா. "என்ர பிள்ளை கழுவேல்லை. அவளுக்குக் கழுவினாலும் போகாது. முடியை வெட்டிப் பாத்தவள், பாவம்."

"நான் பிள்ளைக்குக் கதிரை..."

"வெளிய வாங்கோ."

"அங்க அவ்வளவு சனம் நிக்குது, தங்கச்சி. இப்பிடியே எப்பிடி..." அவர் கன்னத்தைக் கையால் துடைத்தார். கையும் கறுப்பாக இருந்ததால் ஒன்றும் மாறவில்லை. "ஒரு ஈரத் துணியாவது தாருங்கோ."

அவள் கையில் ஈரத் துணி இருந்தது. அதை வாளிக்குள் போட்டாள்.

"கார் தெருவுக்கு அங்காலதானே, அண்ணை. நடக்கிற தூரம்."

கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள். தரிப்பிடத்தில் யாரோ சுருதி பிடித்துப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேர்வின் வாசற்படியில் நின்றார். ஒரு சின்னப் பிள்ளை முதலில் கண்டு தாயின் பாயைப் பிடித்து இழுத்தது. தாய் திரும்பினாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவர் திரும்பினார். பாட்டு ஒவ்வொரு குரலாகக் குறைந்து நின்றுபோனது.

மேர்வின் திரும்பி அவளைப் பார்த்தார். ஷாமிலா உள்ளே நின்றபடி கதவைத் தள்ளினாள். அவர் குதிக்கால் விலகியதும் கதவு நிலையோடு சேர்ந்தது. சாவியை நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றினாள். கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். பூட்டியிருந்தது.